கடற்படையின் முதல் இந்தியத் தளபதி: ராம்தாஸ் கட்டாரி

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று நாற்புறமும் நோக்கினால், சிறுமலையும் கொடைக்கானல் மலைத்தொடரும், இடையே வானம் பார்த்த புன்செய் நிலங்களும் தெரியும், கடல் தெரியாது. ஆயினும் நம் முன்னோர்க்குக் கடல் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னே இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற தமிழ்த் தொழிலாளருள் ஒடுக்கப்பட்ட மக்கள் மிகப் பலர். கடல் கடந்தால் குலம் கெடும் என்று அஞ்சியோர் கரையில் நின்ற காலத்தில், இழப்பதற்கு ஏதுமற்ற நம்மவர் கடலைக் கடந்தனர். ஆனால் கப்பலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மூட்டை முடிச்சுகளுடன் நெருக்கியடித்துப் படுக்கும் தளமே. கப்பலைச் செலுத்தும் இடத்திற்கு அவர்கள் செல்ல இயலவில்லை.

அன்று அவ்விடம் இந்தியர் எவர்க்குமே எளிதில் கிட்டுவதாக இல்லை. இந்தியக் கப்பல்களில் கரி அள்ளிப்போடுவதற்கும் கயிறு இழுப்பதற்கும் இந்தியர் இருந்தனர். கட்டளையிடும் பதவிகள் ஆங்கிலேயரிடமே இருந்தன. இந்நிலை மாற வேண்டுமெனக் குரல் எழுப்பியவர்களுள் தமிழகத்தைச் சேர்ந்த சர் பி. எஸ். சிவசாமி அய்யர் குறிப்பிடத்தக்கவர். 1922இல் மத்திய சட்டசபையில் இது குறித்து அவர் தீர்மானம் கொண்டுவந்தார். அம்முயற்சிகளின் பயனாக 1927இல் பம்பாயில் 'டஃபரின்' என்னும் பயிற்சிக் கப்பல் தொடங்கப்பட்டது. அதன் முதல் அணியிலேயே சேர்ந்த மாணவர்களுள் ஒருவர் ராம்தாஸ் கட்டாரி.

கட்டாரி 1911ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் செங்கற்பட்டில் பிறந்தவர். 'டஃபரின்' கப்பலில் சேரும்போது அவருக்கு வயது பதினாறு. பயிற்சியைச் சிறப்புற முடித்த அவர், பின்னர்க் கல்கத்தாத் துறைமுகத்தின் சார்பில் ஹூக்ளி ஆற்றில் பணிபுரிந்தார். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் அவ்வாற்றில் பணியாற்றுவோர்க்குக் கணக்கறிவும் பொறுமையும் இன்றியமையாதவை. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது தொண்டர் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களை எதிர்க்கும் போர்முறையில் தனித்தேர்ச்சி பெற்றார். போருக்குப் பின் நிரந்தரக் கடற்படையில் இடம்பெற்றுப் படிப்படியாக உயர்ந்தார்.

நாடு 1947இல் விடுதலை பெற்றும் கடற்படையின் தலைமை உடனே நம் கைக்கு வரவில்லை. தரைப்படைக்கு 1949இல் கரியப்பாவும், விமானப்படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜியும் முதல் இந்தியத் தளபதிகளாயினர். கடற்படைக்கோ 1958 வரை காத்திருக்க நேர்ந்தது. காரணம் வெளிப்படை. கடற்படையில் இந்தியர் ஒருவர்க்கு அதிகாரிப் பதவி முதன்முதலாகக் கிடைத்ததே 1928இல்தான். கப்பல் தொகுதியை நடத்தும் அனுபவம் ஒரே நாளில் வருவதன்று. கதவு காலந்தாழ்ந்து திறக்கப்பட்டால் உச்சியை அடைவதும் காலந்தாழ்ந்தே நிகழும். இவ்வுண்மையை நம் சமூகம் நன்கறியும்.

1956இல் இந்தியக் கப்பல் தொகுதிக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் என்னும் பெருமையைக் கட்டாரி பெற்றார். 1958 ஏப்ரல் 22ஆம் நாள், ஆங்கிலேயரான வைஸ் அட்மிரல் கார்லிலிடமிருந்து கடற்படைத் தளபதிப் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அவர் காலத்தில்தான், 1961 மார்ச் 4ஆம் நாள், நாட்டின் முதல் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்' பெல்ஃபாஸ்ட் நகரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கோவா விடுதலை நடவடிக்கையில் கடற்படை பங்கேற்றது. போர்த்துக்கீசியப் போர்க்கப்பலான 'அஃபோன்சோ டி அல்புகெர்க்' செயலிழக்கச் செய்யப்பட்டது. அஞ்சதீவைக் கைப்பற்றும் முயற்சியில் நம் கடற்படையினர் எழுவர் உயிர் நீத்தனர்.

1962 ஜூனில் கட்டாரி ஓய்வு பெற்றார். பின்னர்ப் பர்மாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். நம் முன்னோர் கூலிகளாகச் சென்றிறங்கிய அதே நாட்டில் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவர் இந்தியாவின் பிரதிநிதியாக வீற்றிருந்தார். தம் வாழ்க்கை வரலாற்றை நூலாகவும் எழுதிய அவர் 1983 ஜனவரியில் காலமானார்.

கட்டாரியை நம் சமூகத்தவர் என்று உரிமை கொண்டாட இக்கட்டுரை எழுதப்படவில்லை. இல்லாததை வரலாறாக எழுதுவதால் எவர்க்கும் பெருமை வாராது. அவர் சென்ற வழியை நம் இளைஞர் அறிய வேண்டும் என்பதே நோக்கம். இராணுவப் பணியும் நமக்கு அந்நியமானதன்று. பழைய சென்னைப் படையில் நம் மக்கள் பலர் பணிபுரிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்னும் பொய்க்கொள்கையைக் காட்டி அவ்வாயில் குறுக்கப்பட்டது. சுபேதாரின் மைந்தரான அண்ணல் அம்பேத்கர் இத்தீங்கை நன்குணர்ந்திருந்தார். ஆகவேதான் 1928இல் சைமன் குழுவின் முன் வைத்த கோரிக்கைகளில், தரைப்படை, கடற்படை, காவல்துறை ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர் சேரும் உரிமையையும் அவர் வலியுறுத்தினார். அவர் கேட்டது கடற்படையையும் சேர்த்தே என்பதை மறவாதிருப்போம்.

இன்று சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது. எனினும் ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். முப்படைகளுக்கான ஆள்சேர்ப்பில் இடஒதுக்கீடு இல்லை. கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் வழியே கடற்படை அதிகாரியாக விரும்புவோர், மேனிலைப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் பயின்றிருக்க வேண்டும்; எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் உடற்தேர்விலும் வெல்ல வேண்டும். 2022 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. ஆனால் அதற்கு முந்திய படியான சைனிக் பள்ளிகளில் இடஒதுக்கீடு உண்டு. பட்டியல் சாதியினர்க்கு நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் உள. அத்தகைய பள்ளி ஒன்று 1962 முதல் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில், பழனிக்கு அப்பால் நமக்கு அண்மையிலேயே இயங்கி வருகிறது. ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். இச்செய்தி உரிய காலத்தில் எட்டாமையால், நம் குடும்பத்துச் சிறுவர் எத்தனை பேர் வயது கடந்தபின் வருந்துகின்றனர்!

ஆதலின் நம் சங்கத்தின் மாலைநேர வகுப்புகளில் ஐந்தாம் வகுப்பு மாணவர்க்குக் கணிதமும் ஆங்கிலமும் ஊன்றிக் கற்பிக்கப்பட வேண்டும். ஒரு மாணவனை அமராவதி நகருக்கு அனுப்பி வைப்பது, பத்துக் கூட்டங்களில் பேசுவதினும் மேலான தொண்டு.

இளைஞர்களே! உம் பாட்டனார் கப்பலின் தளத்தில் படுத்துச் சென்றார். கப்பலைச் செலுத்தும் மேடைக்கு ஏறும் படிகள் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குகின்றன. இன்றே அதைத் திறந்து உட்காருங்கள்.