ஜீப் ஜன்னல் மங்கிப்போச்சா? துணியை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சாஃப்ட் டாப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டயர், பம்பர், எல்.இ.டி லைட் மேல் இருக்கும் பாசம், ஹூட்டில் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மேல் இருப்பதில்லை. பளிச்சென்று இருக்கும்வரை அது கண்ணிலேயே படாது. ரெண்டு கோடை, ரெண்டு மழைக்காலம் தாண்டிய பிறகு, ஒருநாள் ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் விஷயம் புரியும். பின்னால் வரும் பைக்கின் ஹெட்லைட் ஒரு புள்ளியாகத் தெரியாது. ஜன்னல் முழுக்கப் பரவிய வெள்ளைப் புகையாகத் தெரியும். பைக் எவ்ளோ தூரத்தில் வருது, ஒண்ணா ரெண்டா... எதுவுமே தெரியாது.

அதனால் இது வண்டியின் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, பார்வை சம்பந்தப்பட்ட விஷயம். இன்னொரு உண்மையும் உண்டு. இந்த ஜன்னல்கள் மங்குவதற்கு வெயில் பாதிக் காரணம் என்றால், மீதிக் காரணம் நாம் துடைக்கும் விதம்!

முதலில், அது கண்ணாடி இல்லை

மஹிந்திரா தார் சாஃப்ட் டாப், பழைய மாருதி ஜிப்ஸி, மலையூர்களில் ஓடும் படுதா போட்ட ஜீப்... இவற்றின் ஹூட்டில் தைத்திருப்பது பொதுவாக பிவிசி ஷீட். பேச்சுவழக்கில் வினைல். வீட்டில் தண்ணீர்க் குழாய் செய்வதும் இதே பிவிசியில்தான். குழாய் விறைப்பாக இருக்கு, ஜன்னல் மட்டும் எப்படி மடங்குது? அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலந்திருப்பார்கள். அதுதான் ஷீட்டுக்கு மென்மை தருகிறது.

சிக்கலும் அங்கேதான். அந்தப் பொருள் வெயில் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஷீட் விறைத்து, மடிக்கும் இடத்தில் விரிசல் விடும். இன்னொரு பக்கம் புற ஊதாக் கதிர்கள் பிவிசியின் வேதிப் பிணைப்பையே உடைத்து மஞ்சளாக்கும். மூன்றாவது எதிரி கீறல். கண்ணாடி மேல் சும்மா உருண்டு போகும் மணல் துகள், இந்த மென்மையான ஷீட்டில் கோடு போட்டுவிடும்.

இந்தத் தலைவலி காஸ்ட்லி கார்களுக்கும் இருந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர் இரண்டிலும் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் பின் ஜன்னல்தான். பிறகுதான் நிஜக் கண்ணாடிக்கு மாறினார்கள்.

தண்ணீர் டெஸ்ட்: 10 செகண்ட் போதும்

பாலிஷ் வாங்க ஆன்லைனில் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஜன்னலை அலசி, தூசு போனதும் அதன் மேல் தண்ணீர் தெளித்து, ஈரமாக இருக்கும்போதே அதன் வழியே பாருங்கள். உள்பக்கத்தையும் நனைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

* ஈரத்தில் கீறல் மறைந்து தெளிவாகத் தெரிந்தால், பாதிப்பு மேற்பரப்பில் மட்டும்தான். பாலிஷ் வேலை செய்யும்.
* ஈரத்திலும் மஞ்சளாகவோ, கலங்கலாகவோ இருந்தால் பாதிப்பு ஷீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பாலிஷும் அதைச் சரிசெய்யாது. காசு மிச்சம்!
* விரல் நகத்தால் கீறலின் குறுக்கே தடவும்போது நகம் மாட்டினால், அது ஆழமான கீறல். பாலிஷ் போட்டாலும் முழுசாகப் போகாது.

அடைமழைக்குப் பிறகு ஷீட் பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தால் பதற வேண்டாம். பிவிசி ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். காற்றோட்டமான இடத்தில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கழுவும் முறை: தண்ணீர் முதலில், துணி கடைசியில்

1. வண்டியை நிழலில் நிறுத்தி, ஜன்னல் சூடு ஆறும்வரை காத்திருங்கள். சூடான ஷீட் இளகியிருக்கும். சீக்கிரம் கீறல் விழும்.

2. முதலில் வெறும் தண்ணீர். ஹோஸிலோ மக்கிலோ மேலிருந்து கீழாக ஊற்றி, மணலும் தூசும் தானாக வழிந்து போகட்டும். ஈ.சி.ஆர் பக்கம் அடிக்கடி போகிறவர்கள், உப்பும் மணலும் ஒட்டியிருக்கும் என்பதால் இன்னும் தாராளமாக ஊற்றலாம். ஹை பிரஷர் வாட்டர் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடிக்க வேண்டாம், தையல் விட்டுப்போகும்.

3. அரை பக்கெட் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பு அல்லது கார் ஷாம்பு. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்ட வட்டமாகத் தேய்த்தால் வரும் சுழல் கீறல்கள், ராத்திரி லைட் வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி தெரியும்.

4. துணியை அடிக்கடி அலசுங்கள். தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துணிக்கு அன்றைக்கு லீவு.

5. நல்ல தண்ணீரில் அலசி, உடனே வேறொரு காய்ந்த மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீரைத் தானாகக் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு பாட்டில் ஆர்.ஓ தண்ணீர் இருந்தால் சூப்பர்.

டேஷ்போர்டில் கிடக்கும் காய்ந்த துணியை எடுத்து ‘சும்மா ஒரு இழு’ இழுக்கிறோமே, பாதிக் கீறல் அதில்தான் வருகிறது. அவசரம் என்றாலும் தண்ணீர் ஊற்றாமல் துணி வைக்காதீர்கள்.

பாலிஷ்: வருஷத்துக்கு ஒருமுறை போதும்

பாலிஷ் என்பது புதுசாக எதையும் பூசுவது இல்லை. கீறலின் ஓரங்களை மிக நுண்ணியதாகத் தேய்த்துச் சமன் செய்வது. ஒவ்வொரு தடவையும் ஷீட் ஒரு துளி மெலியும். அதனால், தேவைப்படும்போது மட்டும்.

மெகுயர்ஸ் பிளாஸ்ட்எக்ஸ் மாதிரியான பிளாஸ்டிக் பாலிஷ்கள் கிடைக்கின்றன. எந்த பிராண்டாக இருந்தாலும், மென்மையான ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று லேபிளில் இருக்கிறதா எனப் பாருங்கள். கார் பெயின்ட்டுக்கான ரப்பிங் காம்பவுண்ட் இதற்கு ஆகாது.

ஜன்னலைக் கழுவிக் காயவைத்த பிறகு, ஓரத்தில் சின்ன இடத்தில் டெஸ்ட் செய்யுங்கள். சரியாக இருந்தால், ஃபோம் பேடில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு எடுத்து, ஒரு உள்ளங்கை அகல இடமாகப் பிரித்துக்கொண்டு முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். மறுபக்கத்தில் ஒரு கையால் மடித்த டவலை வைத்துத் தாங்கிப் பிடிப்பது முக்கியம். தாங்கல் இல்லாவிட்டால் ஷீட் அமுங்கி, தையல் இழுபடும். பிறகு சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, உள்பக்கமும் அதே மாதிரி. ரெண்டு மூணு சுற்றில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். டிரில்லில் பஃப் மாட்டி ஓட்டும் ஐடியாவே வேண்டாம். அந்தச் சூட்டில் ஷீட் நெளிந்துவிடும்.

பாலிஷுக்குப் பிறகு, பிளாஸ்டிக், வினைலுக்கான யுவி பாதுகாப்பு ஸ்ப்ரே அடிக்கலாம். நம்ம ஊர் வெயிலுக்கு மாசத்துக்கு ஒருமுறை நல்லது.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

* அமோனியா, ஆல்கஹால் கலந்த கிளாஸ் கிளீனர்: நாளடைவில் ஷீட்டை வறளவைத்து மங்கலாக்கும்.
* பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய்: ஷீட்டையே இளக்கி, கலங்கலாக்கிவிடும். ஒருமுறை நடந்தால் திரும்ப வராது.
* டூத்பேஸ்ட்: அதுவும் தேய்ப்பான்தான். ஆனால் துகள் அளவு பற்களுக்கானது. ஒரு கீறல் போய் நூறு வரும்.
* தேங்காய் எண்ணெய்: கீறலில் நிரம்பி, அன்றைக்கு மட்டும் பளபளக்கும். மறுநாள் ஊர்த் தூசு மொத்தமும் ஒட்டும்.
* ஸ்டிக்கர், டேப்: உரிக்கும்போது பசை தங்கும். பசையை எடுக்கப் போய் ஜன்னல் போகும்.

மடிக்கும்போதும் நிறுத்தும்போதும்

அழுக்கோடு ஜன்னலை மடிக்காதீர்கள். நடுவில் மாட்டிய மணல் ரெண்டு பக்கமும் கோடு போடும். மடிப்புக்கு நடுவே மெல்லிய ஃபிளானல் துணி வையுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையிலேயே சுருட்டினால் ஷீட் விரிசல் விடலாம். வெயில் வந்து இளகிய பிறகு சுருட்டலாம். ஈரமாக இருக்கும்போது மடிக்கவே கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஜிப் இறுக்கமாக இருந்தால் இழுக்காமல், மெழுகுவத்தியை அதன் பல் மேல் தேயுங்கள். தூசு படிந்த வண்டி மேல் தளர்வாகக் கவர் போட்டால், காற்றில் அது ஆடி ஆடியே ஜன்னலைத் தேய்த்துவிடும்.

எப்போ மாத்தணும்?

தண்ணீர் டெஸ்ட்டில் ஃபெயில், மடிப்பில் விரிசல், ரியர் வியூ மிரரில் பின்னால் வரும் வண்டியின் உருவம் தெரியவில்லை... இதில் ஒன்று இருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முழு ஹூட்டையும் மாற்றத் தேவையில்லை. சீட் கவர், ஹூட் தைக்கும் கடைகளில் ஜன்னல் ஷீட்டை மட்டும் பிரித்துப் புதுசு வைத்துத் தைத்துத் தருவார்கள். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் விசாரிக்கலாம். யுவி பாதுகாப்பு உள்ள ஷீட்தானா என்று கேளுங்கள். பெயர் சொல்லும் பில்லும் வாங்குங்கள். மேஜை விரிப்புக்கு விற்கும் சாதாரண ஷீட் முதல் நாள் அழகாகத்தான் இருக்கும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளாகும்.

மாற்றும்வரை? ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஜன்னல் ஜிப்பைத் திறந்து சுருட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒருத்தரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஒரு குழந்தை நின்றால் தெரியாத ஜன்னலை நம்பி ஒரு அடிகூட நகரக் கூடாது!