ஓர் அரிவாளின் வயது

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் மாணவர் ஒருவர், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தார். திருவரங்குளத்திற்கு அருகே அவர்கள் வீட்டுக் கொல்லையில் எருக்குழி தோண்டியபோது அகப்பட்டதாம். ஓரடி நீளமுள்ள இரும்பு அலகு. நுனி உட்புறமாக வளைந்திருந்தது. மரப்பிடி மட்கிப் போய், பிடிக்குள் செருகும் வால் மட்டுமே எஞ்சியிருந்தது. அதே குழியில் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் சிலவும் கிடைத்தன என்றார்.

"பொற்பனைக்கோட்டைக் காலத்து அரிவாளாக இருக்குமா சார்?" என்று அவர் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. அந்த ஆசைக்கு ஆதாரம் உண்டு. புதுக்கோட்டைக்கும் திருவரங்குளத்திற்கும் அண்மையிலுள்ள பொற்பனைக்கோட்டையில் சங்க காலத்தைச் சேர்ந்த கோட்டை ஒன்று புதைந்துள்ளது. தமிழி எழுத்துப் பொறித்த நடுகல் ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023 முதல் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. சுற்றுவட்டாரம் முழுவதும் செம்புறாங்கல் பூமி. இரும்புத் தாது மிகுந்த கல். இத்தகைய மண்ணில் ஒரு பழைய அலகு கிடைத்தால், இரண்டாயிரம் ஆண்டு என்று மனம் கணக்குப் போடுவது இயல்பே.

ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே அலகு பளபளத்துக் கொண்டிருந்தது. புளியும் செங்கற்பொடியும் போட்டு இரண்டு நாள் தேய்த்தாராம்! இரும்பின் துரு வெறும் அழுக்கன்று. புதைந்த இரும்பை ஒட்டியிருந்த துணியின் இழையும், மரத்தின் நாரும், நெல் உமியும் துருவுக்குள் அச்சுப் போலப் பதிந்து நிற்பதுண்டு. அவற்றைக் கொண்டு எத்தனையோ சொல்லலாம். அந்தச் சாட்சியைப் புளி கரைத்துவிட்டது.

பழைய இரும்பின் காலத்தை அறிய ஆய்வாளர் பெரும்பாலும் இரும்பைக் கேட்பதில்லை. அதன் அண்டை வீட்டாரையே கேட்கின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டதும், தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அது கி.மு. 3345 வரை செல்கிறது என 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அங்கே வயது காணப்பட்டவை இரும்புப் பொருள்கள் அல்ல. அவற்றோடு கிடைத்த கரித்துண்டு முதலியவை. கரியின் வயது என்பது அந்த மரம் வளர்ந்த காலத்தின் வயது. நூறாண்டு நின்ற மரத்தின் வயிரப் பகுதி எரிந்திருந்தால் கணக்கு நூறாண்டு முன்னே போய்விடும். அதே சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லுக்கு வந்த காலம் கி.மு. 1155. நெல் ஓராண்டுப் பயிர் ஆதலால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆகவேதான் ஒரே ஒரு மாதிரியை நம்பாமல், பல மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புகின்றனர்.

நம் அரிவாளுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. குழி தோண்டியாயிற்று, மண் கலந்தாயிற்று. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இனி இரும்பையே கேட்க வேண்டும்.

வடிவத்தைக் கொண்டு சொல்லலாமே என்பீர்கள். வாளுக்கு அது ஓரளவு உதவும். அரிவாள் போன்ற தொழிற்கருவிக்கு உதவாது. வேலை மாறாத வரையில் கருவியின் வளைவும் மாறுவதில்லை. ஆதிச்சநல்லூர் போன்ற இடங்களில் கிடைத்த இரும்புக் கருவிகளைப் பார்த்தால், சிலவற்றை நேற்று நம் ஊர்க் கொல்லர் அடித்தது என்றே நினைக்கத் தோன்றும். கருப்பர் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்டுவைத்த அரிவாள்களில் ஆண்டு பொறித்திருந்தால் உண்டு. இல்லையேல் தாத்தா வைத்ததையும் பேரன் வைத்ததையும் பிரித்துச் சொல்வது அரிது.

எனவே அலகின் வாலில் ஒரு மூலையைச் சிறிது அறுத்தெடுத்தோம். உரிமையாளரின் சம்மதத்தோடுதான். அந்தத் துண்டை வழவழப்பாகத் தேய்த்து, ஆல்ககாலில் சிறிது நைட்ரிக் அமிலம் கலந்த நீர்மத்தால் துடைத்து, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் பார்த்தோம்.

இங்கே நம் பழைய உலைகளின் வேலையைச் சிறிது சொல்ல வேண்டும். ஆளுயரத்திற்கும் குறைவான மண் உலையில் தாதுவையும் மரக்கரியையும் இட்டுத் துருத்தி ஊதினால் இரும்பு உருகி ஓடாது. அந்த வெப்பம் அதற்குப் போதாது. இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வேண்டும். கசடு மட்டும் உருக, இரும்பு கடற்பஞ்சு போன்ற கட்டியாகத் திரளும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடை வெளியேற்றுவர். எவ்வளவு அடித்தாலும் சிறிது உள்ளே தங்கிவிடும். அடிக்க அடிக்க அது நீண்டு, கரும்பு நார் போல இழை இழையாக இரும்புக்குள் படியும். 1800–01இல் சேலம், கோவைப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன் இத்தகைய உலைகளைப் பார்த்து விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மூசையில் உருக்கி எடுத்த நம் புகழ்பெற்ற எஃகு மட்டும் இதற்கு விலக்கு. அதில் இழைகள் இரா. ஆனால் கொல்லையில் முள் வெட்டும் கருவி முழுவதையும் அந்த விலையுயர்ந்த எஃகால் யாரும் செய்ததில்லை.

நம் துண்டில் கசடு இழை ஒன்றுகூடத் தென்படவில்லை. ஒரே சீரான எஃகு.

எனக்கு ஐயம் வலுத்தது. வேதியியல் துறை நண்பர் ஒரு சோதனை சொன்னார். மூன்று சோதனைக் குழாய்கள். ஒன்றில் இந்த அலகின் அரத்தூள். இரண்டாவதில் லாரி வில்பட்டையின் தூள் (திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் நம் ஊர்க் கொல்லர் அரிவாள் வரை இன்று பெரும்பாலும் இந்தப் பட்டையில்தான் பிறக்கிறது). மூன்றாவதில் இடிந்த பழைய வீட்டுக் கதவிலிருந்து நான் எடுத்துவைத்திருந்த ஆணியின் தூள். அந்த ஆணியில் கசடு இழைகளை முன்பே பார்த்திருந்தேன். மூன்றையும் நைட்ரிக் அமிலத்தில் கரைத்துச் சோடியம் பிஸ்முதேட்டு சேர்த்தோம். மாங்கனீசு இருந்தால் அது பெர்மாங்கனேட்டாக மாறி ஊதா நிறம் காட்டும். ஆணிக் குழாய் ஏறக்குறைய நிறமற்று நின்றது. வில்பட்டைக் குழாயும் அரிவாள் குழாயும் நாவற்பழச் சாறு போல் ஆயின.

மண் உலையில் தாதுவிலுள்ள மாங்கனீசு கசடோடு போய்விடும். இரும்பில் தங்குவது மிகக் குறைவு. எஃகில் வேண்டுமென்றே மாங்கனீசு சேர்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டினது. இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலர் அறியாத செய்தி. பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் சேலத்துத் தாதுவை நம்பி இரும்பாலை தொடங்கிய சோசையா மார்சல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், பின்னர் இங்கிலாந்து சென்று, எஃகு செய்யும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். செபீல்டு நகரத்து உற்பத்தியாளர் அவர் முறையைப் பயன்படுத்திக்கொண்டனர், பணம் தரவில்லை. வழக்குகளில் அலைந்து 1851இல் அவர் காலமானார். 1856இல் பெசமர் தம் உலையை அறிவித்தபோது, அந்த எஃகு உடையாமல் நிற்க மாங்கனீசே துணை செய்தது. மலிவான எஃகு கப்பல் கப்பலாக வந்து இறங்கியதும் நம் மண் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஆக, இந்த அலகு 1856க்கு முற்பட்டதாக இருக்க இயலாது என்றே கொள்ளலாம்.

கரிமம்-14 முறையில் நேரே இரும்பையே சோதிக்கலாமே என்று மாணவர் கேட்டார். முடியும். எஃகிலுள்ள கரி, உலையிலிட்ட மரக்கரியிலிருந்து வந்தது. 1960களில் வான் டெர் மெர்வ் என்னும் ஆய்வாளர் இம்முறையை உருவாக்கினார். அப்போது ஏறத்தாழ ஒரு கிராம் கரிமம் தேவைப்பட்டது. நூற்றுக்கு அரைப் பங்கு கரிமம் உள்ள எஃகானால் 200 கிராம் வேண்டும். பாதி அரிவாள் போய்விடும்! இன்று முடுக்கி நிறமாலைமானிக்கு ஒரு மில்லிகிராம் கரிமம் போதும்; அதாவது 200 மில்லிகிராம் அரத்தூள். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்திலேயே இத்தகைய கருவி இயங்குகிறது.

ஆனால் நம் அலகை அனுப்பியிருந்தால் விந்தையான விடை வந்திருக்கும். பெசமர் காலத்து எஃகு மரக்கரியில் விளைந்ததன்று. நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரியில் விளைந்தது. நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுப் பழைமையது. கரிமம்-14இன் அரை ஆயுள் 5730 ஆண்டு. ஐம்பதாயிரம் ஆண்டு கடந்தால் அளக்கத்தக்க அளவு மிஞ்சாது. ஆகவே ஆலை எஃகில் செய்த அரிவாள், கற்கால மனிதனுக்கும் மூத்தது என்று கருவி சொல்லும். அந்த அபத்தமான விடையே அது அண்மைக்காலத்தது என்பதற்கு நல்ல சான்று.

இத்தனையும் சொல்ல நான் அந்த வீட்டிற்குச் சென்றேன். மாணவரின் முகம் வாடியது. திண்ணையில் அமர்ந்திருந்த அவருடைய அப்பத்தா அலகை வாங்கி, கையில் எடை பார்ப்பது போல் அசைத்துவிட்டு, "இது கவ்வாத்துக் கத்தியில்ல தம்பி? மலையில தேயிலைச் செடி வெட்டுறது. எங்க மாமனார் பெட்டியில வந்தது. இதைத் தேடாத இடமில்ல" என்றார்.

இலங்கையின் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் 1867இல் தொடங்கியது. புதுக்கோட்டைச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்றவர் பலர். 1964 ஒப்பந்தத்திற்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் வந்து இறங்கினர். அந்தக் கப்பல் 1984இல் நின்றது. தேயிலைச் செடியை ஆண்டுக்கணக்கு வைத்து மட்டம் தட்டி வெட்டுவதே கவ்வாத்து. அந்த அம்மையாரின் மாமனார் அங்கே கவ்வாத்து வேலை பார்த்தவர், 1972இல் திரும்பியவர். அப்போது போட்ட குடிசை எருக்குழி தோண்டிய இடத்திற்கு நாலடி தள்ளித்தான் இருந்ததாம். வடிவத்தைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் மேலே எழுதியது, அந்த வடிவோடு வாழ்ந்தவர்களுக்குப் பொருந்தாது போலும்.

புதுப்பிடி போட்டு அந்தக் கத்தியை இப்போது வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

புறப்படும்போதுதான் எனக்குப் பானை ஓடுகள் நினைவுக்கு வந்தன. உள்ளும் விளிம்பும் கறுத்து, வெளியே சிவந்த ஓடு, தாழிக்காடுகளின் அடையாளம். சுட்ட மண் ஆதலால் வெப்ப ஒளிர்வு முறையில் அதன் வயதையும் காணலாம். அலகுக்குத்தான் ஈராயிரம் ஆண்டு இல்லை, ஓடுகளுக்கு இருக்கக்கூடும். எங்கே அவை என்று கேட்டேன். தென்னம்பிள்ளை வைத்த குழியில் அடியில் போட்டு மூடிவிட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தென்னை என்று மட்டும் கேட்டு, குறிப்பேட்டில் படம் வரைந்துகொண்டு வந்தேன். படத்தின் ஒரு படி திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறது.