கண்களில் உயிரில்லை என்றார்கள்

திரைப்பட விமர்சனம் மறுநாளே பழைய தாளாகிவிடும். பத்திரிகைத் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு இது தெரியாததல்ல. ஆயினும் சில விமர்சனங்களைக் காலம் கடந்து மீண்டும் வாசிக்க வேண்டியிருக்கிறது. 2001 ஜூலையில் அமெரிக்காவில் திரைக்கு வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி: த ஸ்பிரிட்ஸ் விதின்' பற்றி எழுதப்பட்டவை அத்தகையவை.

1987 இல் ஜப்பானின் ஸ்குவெயார் நிறுவனம் வெளியிட்ட வீடியோ விளையாட்டே இப்படத்தின் மூலவேர். அவ்விளையாட்டை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சியே படத்தையும் இயக்கினார். இதற்கென ஹவாயின் ஹொனலூலுவில் ஒரு கலையகம் அமைக்கப்பட்டது. அச்சு அசலான மனிதர்களை முழுக்க முழுக்கக் கணனியிலேயே படைப்பது அவர்களின் இலட்சியம். நாயகி அகி ரோஸின் தலையில் மட்டும் ஏறத்தாழ 60,000 முடியிழைகள் அசைந்தன.

விமர்சகர்கள் பிளவுபட்டனர். சிகாகோவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கிற்கு மூன்றரை நட்சத்திரங்கள் வழங்கினார். வேறு பலரோ, காட்சிகளை வியந்தபோதிலும், கதை குழப்பமானது, உரையாடல் வரண்டது, பாத்திரங்களின் கண்களில் உயிரில்லை என்று எழுதினர். மனிதனை மிக நெருங்கி, ஆனால் மனிதனாகிவிடாத உருவம் ஒருவித அருவருப்பை ஊட்டும் என ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970 இலேயே எழுதியிருந்தார். விளையாட்டின் இரசிகர்களுக்கும் மனக்குறை இருந்தது. தாம் நேசித்த மாயாஜால உலகுக்குப் பதிலாக, 2065 ஆம் ஆண்டின் பாழடைந்த பூமியையே அவர்கள் திரையில் கண்டனர்.

சுமார் 13.7 கோடி டொலர் செலவான படம் உலகெங்கும் ஈட்டியது சுமார் 8.5 கோடி மட்டுமே. 2002 இல் ஹொனலூலு கலையகம் மூடப்பட்டது. சில காலத்தில் சகாகுச்சியும் ஸ்குவெயாரை விட்டு விலகினார்.

விமர்சகர்கள் பிழையாக எழுதினார்களா? இல்லை. கதை பற்றிய அவர்களது தீர்ப்பு இன்றும் நிற்கிறது. இப்படத்தில் உடலசைவுகள் நடிகர்களிடமிருந்து பதிவுசெய்யப்பட்டன. முகபாவங்களோ கலைஞர்களால் கணனியில் தீட்டப்பட்டன. 2009 இல் வந்த 'அவதார்' முகத்தின் உணர்ச்சிகளையும் நடிகர்களிடமிருந்தே பதிந்துகொண்டது. கண்களில் உயிரில்லை என்ற குறை, தொழில்நுட்பத்தின் முடிவாக அன்றி அதன் இடைவழியாகவே இருந்தது.

இங்கு என் தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அகி ரோஸை வெவ்வேறு படங்களில், வெவ்வேறு வேடங்களில் தோன்றும் நிரந்தர நடிகையாக்கவே அந்நிறுவனம் எண்ணியிருந்தது. அப்படியானால் மனித நடிகர்களின் கதி என்ன என்ற கேள்வி அன்றே எழுந்தது. படம் தோற்றதும் அக்கேள்வியும் தோற்றுவிட்டதாக நான் எண்ணினேன்; மறந்தும்விட்டேன்.

2023 இல் அமெரிக்க நடிகர் சங்கத்தினர் 118 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் முகத்தையும் குரலையும் கணனி நகலெடுப்பதற்கு எதிரான பாதுகாப்பு அவர்களது முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. அந்தச் செய்தியை வாசித்தபோது அகி ரோஸின் முகமே என் நினைவுக்கு வந்தது.

ஒரு படம் தோற்கலாம். அது எழுப்பிய கேள்வியும் அதனுடன் தோற்றுவிட்டதென எழுதிவிட நாம் அவசரப்படலாகாது.