ஒரே சட்டை, வேற வேற மூஞ்சி

"ஒரே தொட்டியில ரெண்டு மூணு வகை கோரி கலந்து விடலாமா?" மீன் வளர்க்கிற நண்பர்கள் கூடினால் கட்டாயம் வர்ற கேள்வி. விடலாம்னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடலாம். எதை எதோட, எத்தனை என்று கேட்டால்தான் விவகாரம். அதுக்கு இருநூறு வருஷம் பின்னாடி போகணும். பொறுமை இல்லாதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

தெரியாதவர்களுக்கு: கோரிடோரஸ் தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் குட்டிக் கெளுத்தி. பெரும்பாலும் ரெண்டு மூணு அங்குலம்தான். நம்மூர் கெளுத்திக்கு இருக்கற மாதிரியே மீசை. உடம்பின் ரெண்டு பக்கமும் எலும்புத் தகடுகள் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும். மணலுக்குள் மூஞ்சியை நுழைச்சு புழு தேடும். திடீர்னு மேலே பாய்ஞ்சு ஒரு வாய் காத்தை விழுங்கிட்டு வரும், குடல் வழியா சுவாசிக்க. முதல் தடவை பார்க்கறவங்க மீனுக்கு மூச்சு முட்டுதுன்னு பதறுவாங்க. பதற வேண்டாம், அது அப்படித்தான். ஆனா நிமிஷத்துக்கு நாலு தடவை ஓடினால் தண்ணியை மாத்துங்க.

1803ல் பிரெஞ்சுக்காரர் லாசிபேட் இந்தப் பெயரை வைத்தார். தலைக்கவசம், தோல் என்று ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டிச் செய்த பெயர். அவர் கையில் இருந்தது ஜெஃப்ராய் என்ற நீள மூஞ்சி மீன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில் வேலை இருக்கு.

அடுத்து வர்றவர் சாட்சாத் டார்வின். பீகிள் கப்பல் பயணத்தில் (1831-36) அவர் தென் அமெரிக்காவில் பிடித்து சாராயத்தில் போட்டு வைத்த மீன்களை எல்லாம் விவரித்து எழுதியவர் லெனார்ட் ஜெனின்ஸ் என்ற பாதிரியார். பீகிளில் போகச்சொல்லி முதலில் இவரைத்தான் கேட்டார்கள், சபை வேலை இருக்குன்னு மறுத்துட்டார் என்பது தனிக்கதை. டார்வின் கொண்டுவந்ததில் ஒன்றுக்கு 1842ல் பேலியாட்டஸ் என்று பெயர் வைத்தார். இன்னிக்கு கடைகளில் 'பெப்பர் கோரி' என்று விற்கிறது அதுதான். 1870களின் இறுதியிலேயே பாரீஸில் கார்போனியே என்ற மீன் வளர்ப்பாளர் இதைத் தொட்டியில் முட்டையிட வைத்துவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் பேலியாட்டஸும், 1858ல் ட்ரினிடாட் மீனைப் பார்த்து கில் என்ற அமெரிக்கர் பெயர் வைத்த ஏனியஸும் பண்ணை மீன்களாகி உலகம் பூரா பரவின. கூடவே ஒரு கெட்ட பெயரும் பரவியது: 'துப்புரவுத் தொழிலாளி'. தொட்டிக்கு ரெண்டு போட்டா கீழே கிடக்கற அழுக்கைத் தின்னும் என்று. பல வகைகளை ஒண்ணு ரெண்டா வாங்கிப் போடற பழக்கத்துக்கு இந்த நினைப்புதான் முதல் காரணம்னு நான் நினைக்கிறேன். வேலைக்காரனுக்கு யாரும் ஜோடி பார்ப்பதில்லையே. பாவம், அழுக்கும் தின்னாது, தனிமையில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்.

இப்போ 1980களுக்கு வருவோம். கதை சூடு பிடிக்கிற இடம். பிரேசிலில் ரியோ நீக்ரோ என்று ஒரு ஆறு. தேயிலைத் தண்ணி நிறத்தில் ஓடும். அதன் மேல்பகுதியிலிருந்து வந்த ஒரு அழகான மீனுக்கு 1982ல் பர்ஜஸ் என்பவர் அடோல்ஃபோய் என்று பெயர் வைத்தார், மனாவுஸ் நகரத்து மீன் ஏற்றுமதியாளர் அடோல்ஃபோ ஷ்வார்ட்ஸ் நினைவாக. வெளிர் உடம்பு, கண்ணுக்குக் கறுப்பு முகமூடி, முதுகில் கறுப்புப் பட்டை, முதுகுத் துடுப்புக்கு முன்னால் ஆரஞ்சுப் பொட்டு. அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நைஸன், இஸ்ப்ரூக்கர் என்ற இருவர் அதே பகுதியிலிருந்து, அதே முகமூடி, அதே பட்டை, அதே பொட்டோட இன்னொரு மீனை விவரித்தார்கள். மூஞ்சி மட்டும் கொஞ்சம் நீளம். பெயரே இமிடேட்டர், அதாவது காப்பி அடிக்கிறவன். 1995ல் சாண்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் மூணாவதாக ஒன்றைச் சொன்னார், செர்ரேட்டஸ். அதே சட்டை, இன்னும் நீள மூஞ்சி!

ஏன் இப்படி? இந்த மீன்களின் துடுப்பு முள் சும்மா இல்லை. விறைச்சுக்கிட்டுப் பூட்டிக்கொள்ளும், கூட விஷமும் உண்டு. ஒரு தடவை கடிச்ச எதிரி அந்தச் சட்டையை மறக்காது. நாலு இனம் ஒரே சட்டை போட்டால், எதிரிக்குப் பாடம் எடுக்கிற செலவு நாலாகப் பங்கு பிரியும். பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் முல்லர் 1878ல் பட்டாம்பூச்சிகளை வைத்துச் சொன்ன அதே கணக்கு.

ஆனா ஒரு சிக்கல். ஒரே இடத்தில் ஒரே சட்டையில் கூட்டமாத் திரிஞ்சா சாப்பாட்டுக்கு அடிச்சுக்க மாட்டாங்களா? அலெக்ஸாண்ட்ரூ, டெய்லர், ஒலிவெய்ரா குழுவினர் 2011ல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் இதற்கு பதில் சொன்னது. மரபணுவைப் பார்த்தால் ஒரே சட்டைக்காரர்கள் பெரும்பாலும் தூரத்து உறவு. சதையில் உள்ள ஐசோடோப்புகளை அளந்தால் அவர்கள் தின்பதும் வேற. அவர்கள் பார்த்த கூட்டணிகளில் 92 சதவீதம் சாப்பாட்டுக்குப் போட்டி போடாத இனங்கள். குட்டை மூஞ்சி மேலாக மேயும், நீள மூஞ்சி ஆழமாத் தோண்டும்.

அதாவது, கலந்து வளர்ப்பதை நாம கண்டுபிடிக்கலை. ஆறு ரொம்ப காலமா அதைத்தான் செய்யுது. ஆனா யாரை யாரோட என்பதில் ஆறு ரொம்ப கறார்.

நம்ம ஆளுங்க கலக்கறது வேற மாதிரி. ஸ்டாம்ப் ஆல்பம் மாதிரி, வகைக்கு ஒண்ணு. 1993ல் ஜெர்மன் இதழான டாட்ஸ், பெயரில்லாத புது வரவுகளுக்கு சி-எண் கொடுக்க ஆரம்பிச்சதும் இந்த சேகரிப்பு ஆசை இன்னும் ஏறிப்போச்சு. ஏனியஸை வைத்து 2019ல் வந்த ஒரு ஆய்வைப் படித்தால் மனசு சங்கடப்படும். இவை ஒன்றையொன்று தொட்டுத் தொட்டுத்தான் கூட்டமாக நகர்கின்றனவாம். தொட ஆளில்லாத மீனுக்கு பக்கத்தில் எத்தனை அழகான அந்நியர் இருந்து என்ன?

அதனால என் கணக்கு இது: வகைக்கு ஆறாவது வேணும். இடம் இல்லைன்னா ஒரே வகை போதும். ரெண்டு வகைக்கு இடம் இருந்தா மூஞ்சி நீளத்தில் வித்தியாசம் பாருங்க. சொந்தக்காரங்களை ஒண்ணா விட்டா கலப்புக் குஞ்சு வரும். அதை யாராவது வாங்கிட்டுப் போய் புது இனம்னு விப்பாங்க, தேவையா? இதெல்லாத்துக்கும் முன்னாடி வெப்பநிலை. பேலியாட்டஸ் தெற்கத்திக் குளிர் தண்ணி மீன், 20 டிகிரி சுற்றி இருந்தால் சந்தோஷமா இருக்கும். குவாபோரே ஆற்று ஸ்டெர்பாய் 27, 28லும் அசராது. ரெண்டும் ஒரே தொட்டியில்னா யாராவது ஒருத்தர் கஷ்டப்படணும். சென்னை மே மாசத்தில் யார்னு சொல்லவே வேண்டாம்.

அந்த ஜெஃப்ராய் விஷயம். 2024ல் பெரிய மரபணு ஆய்வு ஒன்று வந்து 170க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்த இந்தக் குடும்பத்தைப் பாகம் பிரிச்சிடுச்சு. முதலில் பெயர் வாங்கினது நீள மூஞ்சி என்பதால் கோரிடோரஸ் என்ற பெயர் நீள மூஞ்சிக்காரர்களுக்கே போச்சு. 19ஆம் நூற்றாண்டில் வைத்துக் கைவிட்ட பெயர்களைத் தூசி தட்டி மற்றவர்களுக்குக் கொடுத்தாங்க. பேலியாட்டஸ் இப்போ ஹாப்லிசோமா, ஏனியஸ் ஆஸ்டியோகாஸ்டர். ரியோ நீக்ரோ கூட்டணியில் அடோல்ஃபோய் ஹாப்லிசோமா, இமிடேட்டர் ப்ரோக்கிஸ், செர்ரேட்டஸ் மட்டும் கோரிடோரஸ். மூணு சட்டையும் ஒண்ணு, மூணு பேரினம்.

கொளத்தூர் கடைகளில் போய் ஆஸ்டியோகாஸ்டர் ஆறு குடுங்கன்னு கேட்டுப் பாருங்க. கோரின்னே கேளுங்க, அதான் நல்லது.