வாப்பா விட்டுச் சென்ற வீடு: விற்பதா, வாடகைக்கு விடுவதா?

நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளாவது பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சென்னையில், துபாயில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பெருநாளைக்கு வந்து இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு மீண்டும் பூட்டிச் செல்கிறார்கள். உத்திரத்தைக் கரையான் அரிக்கிறது. மழைக்குச் சுவர் ஊறுகிறது. "விற்றுவிடலாமா, வாடகைக்கு விடலாமா?" என்று ஜும்ஆவுக்குப் பிறகு நம்மிடம் கேட்பவர்கள் அதிகம். அவர்கள் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். மார்க்கமோ, "வீடு யாருடையது?" என்ற கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

வீடு யாருடையது?

ஒருவர் மவுத்தானால் அவர் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், மிச்சம் வாரிசுகளுக்கு. இதுவே வரிசை. உம்மாவுக்குக் கொடுபடாமல் நிற்கும் மஹரும் கடன்தான். பல குடும்பங்களில் இதை யாரும் நினைப்பதில்லை. வாரிசு ஒருவருக்குச் செய்த வஸிய்யத், மற்ற வாரிசுகள் சம்மதித்தால் மட்டுமே செல்லும்.

பங்குகளை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176ஆம் வசனங்கள் வகுத்துள்ளன. ஓர் உதாரணம்: வாப்பாவுக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டனர். வீட்டின் மதிப்பு 40 லட்சம் ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 லட்சம். மீதி 35 லட்சத்தை ஐந்து கூறாக்கினால் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். "கல்யாணத்துக்குத்தான் நகை போட்டோமே" என்று சொல்லி அந்த 7 லட்சத்தைக் கழிக்க எவருக்கும் உரிமை இல்லை. காக்காமார் முகம் பார்த்து, வெட்கப்பட்டு, "எனக்கு வேண்டாம்" என்று தங்கை சொல்வதும் மனமுவந்த விட்டுக்கொடுப்பு ஆகாது. பங்கை அவள் கையில் கொடுங்கள். அதன் பிறகு அவள் விரும்பித் திருப்பித் தந்தால் அது ஹலால்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீட்டைப் பெண்மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வாப்பா தம் ஹயாத்திலேயே ஹிபா செய்து வீட்டை ஒப்படைத்திருந்தால் அது மகளின் சொந்தச் சொத்து. அதில் வாரிசுப் பங்கு இல்லை. "அவளுக்குத்தான்" என்று வாயால் சொன்னதோடு நின்றிருந்தால் அது எல்லா வாரிசுகளுக்கும் உரியது.

இந்தியச் சட்டமும் இதில் துணையாக இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமை மார்க்க முறையிலேயே தீர்மானிக்கப்படுகிறது. பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்கு வரும் என்ற விதி நமக்கு இல்லை. பங்கு மரணத்தால்தான் வருகிறது. வாரிசுகளில் மைனர் இருந்தால் அவர் பங்கை உம்மாவோ மூத்த மகனோ தாமாகக் கையெழுத்திட்டு விற்க முடியாது. நீதிமன்ற அனுமதி வேண்டும்.

உம்மா அந்த வீட்டில் இருந்தால்

இத்தாவின் நான்கு மாதம் பத்து நாட்களில் விற்பனைப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகும் அவசரம் கூடாது. உம்மாவின் பங்கு எட்டில் ஒன்றுதான் என்பது கணக்கு. அவருக்கு வசதி இல்லாதபோது இருப்பிடமும் செலவும் தருவது பிள்ளைகளின் கடமை. வீட்டை விற்றுவிட்டு அவரை மாதம் ஒரு பிள்ளை வீட்டுக்கு மாற்றுவது தீர்வல்ல. அவர் எங்கே வாழ விரும்புகிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.

வாடகைக்கு விடுவதென்றால்

வாடகையும் பங்கின்படியே பிரிய வேண்டும். மேலே சொன்ன வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வந்தால் உம்மாவுக்கு 1,000, மகன்களுக்குத் தலா 2,800, மகளுக்கு 1,400. வீட்டு வரி, மராமத்துச் செலவை முதலில் கழித்துக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் தம்பி வசூலித்துத் தானே வைத்துக்கொள்வது, அல்லது ஒருவர் குடியிருந்துகொண்டு வாடகை தராமல் இருப்பது, மற்றவர்கள் சம்மதித்தால்தான் ஆகும்.

ஒத்திக்கு விடும் வழக்கத்தில் நம் மக்கள் கவனமாக இருக்க வேண்டும். ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் குடிவைத்து, காலம் முடிந்ததும் அதே ஐந்து லட்சத்தைத் திருப்பித் தருகிறோம். வாங்கிய தொகை கடன். அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் பலன் குடியிருப்பு. கடனால் வரும் இத்தகைய பலன் வட்டி என்பதால் உலமாக்கள் இதைத் தடுக்கிறார்கள். மாத வாடகையும் நியாயமான அட்வான்ஸும் பேசுவதே சுத்தமான வழி. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதியவும் வேண்டும்.

விற்பதென்றால்

நாற்பது லட்சம் வீட்டுக்கு வருட வாடகை 96,000 ரூபாய் என்றால் அது மதிப்பில் 2.4 சதவீதம். "விற்று பேங்கில் போட்டால் இதைவிடக் கூடுதலாக வருமே" என்கிறார்கள். அது வட்டி, ஹலாலான வாடகையோடு அதை ஒப்பிடுவதே தவறு. வீட்டை விற்ற பணத்தை அது போன்ற ஒன்றில் போடாவிட்டால் பரக்கத் இருக்காது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஒரு ஹதீஸ் வருகிறது. இது விற்பதற்குத் தடையல்ல. பணம் கரைந்துபோகாமல் காக்கும் அறிவுரை.

பிரிக்கப்படாத சொத்தில் பங்காளிக்கு ஷுஃப்ஆ என்ற முன்னுரிமை உண்டு. எனவே வெளியாருக்கு விலை பேசுமுன் கூட்டுவாரிசுகளிடம் கேட்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த உரிமை பங்காளிக்கு மட்டும். ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் உண்டு. ஒருவர் வீட்டை வைத்திருக்க விரும்பினால் மற்றவர்களின் பங்கைச் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். "நம் வீடுதானே" என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்பது அநீதி.

விரிசல், ஒழுகல், வில்லங்கம் எதுவானாலும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவது பொய். வெளிநாட்டில் உள்ள வாரிசு தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். மூலதன ஆதாய வரியை ஒரு கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸகாத்

வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஸகாத் இல்லை. வாடகைப் பணம் சேர்ந்து, நிஸாப் அளவை எட்டி, ஒரு வருடம் நின்றால் 2.5 சதவீதம். விற்ற பணத்துக்கும் இதே விதிதான். ஒவ்வொரு வாரிசும் தம் பங்குக்குத் தாமே கணக்குப் பார்க்க வேண்டும்.

எப்படி முடிவெடுப்பது?

உம்மாவோ ஒரு பிள்ளையோ திரும்பி வந்து வாழும் வாய்ப்பு இருந்து, உள்ளூரில் பொறுப்பாகப் பார்க்க ஆளும் இருந்தால் வாடகை நல்லது. யாரும் திரும்பப் போவதில்லை, மராமத்து வாடகையை விழுங்குகிறது, அல்லது வாரிசுகளில் ஒருவர் கடனிலோ நோயிலோ தவிக்கிறார் என்றால் விற்றுப் பிரிப்பதே நல்லது. தாமதிக்கும் ஒவ்வொரு வருடமும் வாரிசுகள் கூடுகிறார்கள். ஒருவர் மவுத்தானால் அவர் பங்கு அவர் பிள்ளைகளுக்கும் துணைக்கும் உடைகிறது. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒரு கையெழுத்துக்காக நான்கு நாடுகளில் தேட வேண்டிவரும்.

மஷூரா செய்யுங்கள், அதில் பெண்மக்களையும் உட்கார வையுங்கள். பிறகு இஸ்திகாரா தொழுங்கள். விற்பதா, வாடகையா என்பதற்குத்தான் இஸ்திகாரா. தங்கைக்குப் பங்கு கொடுப்பதா என்பதற்கு இஸ்திகாரா இல்லை. அது அல்லாஹ் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டது.

வீடு போனாலும் உறவு நிற்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் பிறர் ஹக்கைப் பேணுபவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.