"சேவைத் தேவை கருதி": ஓர் இடமாற்றக் கடிதமும் நாம் மறந்த வரலாறும்



கடந்த கிழமை எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு டீச்சர் கடிதமொன்றை வைத்துக்கொண்டு அழுதார். "சேவைத் தேவை கருதி" தூரத்துப் பாடசாலைக்கு உடனடி இடமாற்றம். அங்கே அவருடைய பாடத்துக்கு ஏற்கனவே ஆசிரியர் இருக்கிறார். இங்கே அவருக்குப் பதிலாக யாரும் இல்லை. முந்திய மாதம் ஒரு கூட்டத்தில் மேலதிகாரியிடம் கேள்வி கேட்டிருந்தார், அவ்வளவுதான். "பேசாமப் போங்க டீச்சர், மேலிடத்தோட மோத ஏலாது" என்றுதான் நாம் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், நாம் சொன்னது பிழை.

ஒருவர் எங்கே வேலை செய்வது என்பதை மேலிடத்தின் காகிதம் தீர்மானிப்பது இந்நாட்டில் பழைய கதை. மலையகத் தோட்டங்களில் அதற்குப் பெயரே "துண்டு". தொழிலாளியின் கடன் தொகையைத் துரை எழுதிக் கொடுப்பார். அதைக் கட்டினால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். சொல்லாமல் போனால் 1865 ஆம் ஆண்டின் சட்டப்படி சிறை. 1921 இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1935 இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1957 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தொழில் நியாய சபைகளை உருவாக்கியது. வேலை நீக்கப்பட்ட தனியார் துறை ஊழியர், சங்கம் இல்லாமலேயே தானாகப் போய் நியாயம் கேட்கும் வழி அது.

அரசாங்க ஊழியரின் கதை வேறு. சோல்பரி யாப்பு இடமாற்ற அதிகாரத்தை அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் கொடுத்திருந்தது. 1972 யாப்பு அதை எடுத்து அமைச்சரவையிடம் கொடுத்தது. நீதிமன்றம் கேள்வி கேட்கவும் முடியாமல் செய்தது. "அரசியல் இடமாற்றம்" என்று நமது பெற்றோர் பயந்து பேசியதற்கு இது ஒரு பெரிய காரணம். 1978 யாப்பிலும் அதிகாரம் அமைச்சரவையிடமே இருந்தது. ஆனால் அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போகும் கதவு திறந்தது. 2001 இல் 17 ஆவது திருத்தம் ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்கியது. 2002 இல் நிருவாக மேன்முறையீட்டு நியாய சபைக்கான சட்டமும் வந்தது. பின்னர் 18 ஆவது திருத்தம் அந்தச் சுயாதீனத்தைப் பறித்தது, 19 ஆவது திருப்பித் தந்தது, 20 ஆவது மறுபடி பறித்தது, 21 ஆவது மீட்டது. இந்த உரிமை ஒருபோதும் தானாக நிலைத்து நிற்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைத்திருப்பவை இவை:

கடிதம் கிடைத்ததும் காரணம் கேட்டு எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். மாகாணப் பாடசாலை என்றால் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழு வரை போகலாம். பழிவாங்கல் என்று காட்ட முடிந்தால், சட்டத்தின் முன் சமத்துவம் என்ற 12(1) உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது.

கோபத்தில் வீட்டில் இருந்துவிடக் கூடாது. மேன்முறையீடு போட்டதால் மட்டும் இடமாற்றம் நிற்காது. வேலைக்குப் போகாவிட்டால் பதவியைக் கைவிட்டதாக எடுத்துவிடுவார்கள்.

கொழும்பில் கடைகளில் நிற்கும் நமது பிள்ளைகளுக்கும் ஒன்று: இடமாற்றம் என்ற பெயரில் வேலையை விட்டே துரத்தினால், அதையும் வேலை நீக்கமாகக் கருதும்படி தொழில் நியாய சபையில் கேட்கலாம். கால எல்லை ஆறு மாதம்.

ஒவ்வொரு கடிதத்தையும் பிரதி எடுத்து, திகதியோடு வையுங்கள். பேசியதற்குச் சாட்சி தேட வேண்டும். காகிதம் தானே சாட்சி.

நேற்று அந்த டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டோம். மேன்முறையீட்டைச் சேர்ந்திருந்து எழுதினோம். இன்னும் இருபது நாள் கையில் இருக்கிறது. முடிவு என்னவாகவும் இருக்கட்டும். "பேசாமப் போங்க" என்று இனி யாருக்கும் நாம் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.