தெருக்கூத்து ஆர்மோனியம் முதல் இளையராஜா சிம்பொனி வரை: வெஸ்டர்ன் கிளாசிக்கல் இசையின் கதை என்ன?

தருமபுரி பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் சுருதி கொடுப்பது ஆர்மோனியம். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு செட்காரர்கள் ஊதுவது டிரம்பெட், கிளாரினெட். கோயில் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் இருப்பது வயலின். எல்லாமே ஐரோப்பாவில் பிறந்த வாத்தியங்கள்.

வாத்தியங்கள் நம்ம ஊர் வரைக்கும் வந்துவிட்டன. ஆனால் இளையராஜா தனது 'வேலியன்ட்' சிம்பொனியை 2025 மார்ச் 8-ம் தேதி அரங்கேற்ற லண்டன் போக வேண்டியிருந்தது. ஏன்? அதற்கு இந்த இசையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெஸ்டர்ன் கிளாசிக்கல் என்றால் என்ன?

இரண்டு விஷயங்கள்தான் அடிப்படை. ஒன்று, இது எழுதி வைக்கப்படும் இசை. யார், எந்த வாத்தியத்தில், எந்த நொடியில், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது வரை தாளில் இருக்கும். இரண்டாவது, ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும். இதற்குப் பெயர் ஹார்மனி.

கர்நாடக இசையில் ஒரே மெட்டு, கமகத்தோடு நீண்டு வளரும். வெஸ்டர்னில் பல மெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடும். இளையராஜா பாட்டில் குரல் ஒரு பக்கமும், பேஸ் கிட்டார் ஒரு பக்கமும், வயலின்கள் இன்னொரு பக்கமும் போய்க் கடைசியில் ஒன்று சேருமே, அதுதான் இது.

எங்கே தொடங்கியது?

தேவாலயத்தில். முதலில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடினார்கள். 11-ம் நூற்றாண்டில் இத்தாலியைச் சேர்ந்த கைடோ என்ற துறவி, கோடு போட்டு அதன் மேல் ஸ்வரங்களைக் குறிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். கேட்டே மனப்பாடம் செய்ய வேண்டிய பாட்டை, முன்பின் கேட்காதவர்கூடப் பார்த்துப் பாட முடிந்தது. எழுத முடிந்ததால்தான் 4 பேர், 40 பேர், 100 பேர் என ஆளுக்கொரு பகுதியைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது.

பரோக் காலம்: 1600 – 1750

வயலின் குடும்பம் முன்வரிசைக்கு வந்த காலம் இது. ஓபரா என்ற இசை நாடகமும் வளர்ந்தது. இத்தாலியின் விவால்டி 'நான்கு பருவங்கள்' படைப்பை 1725-ல் வெளியிட்டார். ஜெர்மனியில் 1685-ல் பிறந்த பாக், பல மெட்டுகளைப் பின்னும் கலையை உச்சத்துக்குக் கொண்டு போனார்.

கிளாசிக்கல் காலம்: 1750 – 1820

மொத்த இசைக்கும் பொதுவாக இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டாலும், சரியாகச் சொன்னால் 'கிளாசிக்கல்' இந்தக் காலம்தான். ஹைடன், மொசார்ட், பீத்தோவன் மூவரும் வியன்னாவில் கோலோச்சினார்கள். பெரும்பாலும் 4 பகுதிகள் கொண்ட சிம்பொனி முழு வடிவம் பெற்றது இப்போதுதான். ஹைடன் மட்டும் 100-க்கும் மேல் எழுதினார். காது கேட்காத நிலையில் பீத்தோவன் எழுதிய 9-வது சிம்பொனி 1824-ல் அரங்கேறியது.

அதே சமயம் காவிரிக் கரையில் தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி வாழ்ந்தார்கள். பீத்தோவனும் சியாமா சாஸ்திரியும் மறைந்தது ஒரே ஆண்டில், 1827-ல்.

அதன் பிறகு?

19-ம் நூற்றாண்டு ரொமான்டிக் காலம். சோபின், வாக்னர், சாய்கோவ்ஸ்கி என உணர்ச்சிக்கு முதலிடம் கொடுத்தவர்கள் வந்தார்கள். ஆர்கெஸ்ட்ராவும் பெரிதானது. 20-ம் நூற்றாண்டில் பழைய விதிகள் உடைந்தன. 1913-ல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் பாலே அரங்கேறியபோது, பார்வையாளர்கள் கூச்சல் போட்டு ரகளை செய்தார்கள். பின்னாளில் அதே இசை உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு மூலம். முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டு, சமஸ்கிருத வரிகள் போட்டு 'நோட்டு ஸ்வரங்கள்' எழுதினார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. அவரது தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தார்.

ஆனால் வாத்தியம் அப்படியே இருக்கவில்லை. ஐரோப்பாவில் தாடைக்கு அடியில் வைத்து வாசிப்பார்கள். இங்கே தரையில் உட்கார்ந்து, நுனியைக் காலில் ஊன்றி வாசிக்கிறார்கள். தந்திகளும் ச–ப–ச–ப என மாறிவிட்டன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார்.

ஆர்மோனியத்துக்கு ஏன் எதிர்ப்பு?

1840-களில் பாரிஸில் பெயர் பெற்ற ஆர்மோனியம், இங்கே கையால் துருத்தி இயக்கும் பெட்டியாக மாறியது. அதில் ஸ்வரங்கள் நிலையானவை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் வராது. இந்தக் காரணத்தைச் சொல்லி அகில இந்திய வானொலி 1940-ல் தடை போட்டது. அது தளர 30 ஆண்டுகள் ஆயின. கூத்து மேடையோ அந்தத் தடையைக் கண்டுகொள்ளவே இல்லை.

முழு ஆர்கெஸ்ட்ரா ஏன் வரவில்லை?

சிம்பொனி வாசிக்க ஏறக்குறைய 80 பேர் வேண்டும். எல்லோருக்கும் நோட்டேஷன் தெரிய வேண்டும். ஆண்டு முழுவதும் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும், அதற்குச் சம்பளமும் வேண்டும். ஐரோப்பாவில் தேவாலயமும் மன்னர்களும் பிறகு அரசுகளும் இந்தச் செலவைச் சுமந்தன. இந்தியாவில் மும்பையில் 2006-ல்தான் 'சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா' உருவானது.

தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பல ஆண்டுகள் நிரப்பியது சினிமா. சென்னை ரெக்கார்டிங் தியேட்டர்களில் வயலின் கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து, நோட்டேஷன் பார்த்து வாசித்தார்கள். 1990-களில் சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் வந்ததும் அந்த வேலை குறைந்தது. வேலை குறைந்தால் கற்பவர்களும் குறைவார்கள். அதனால்தான் இளையராஜா 1993-ல் லண்டனுக்கும், 'திருவாசகம்' ஆல்பத்துக்காகப் புடாபெஸ்ட் கலைஞர்களிடமும், மறுபடி 2025-ல் லண்டனுக்கும் போக வேண்டி வந்தது.

இப்போது நிலைமை என்ன?

ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் சென்னையில் இசைக் கல்லூரி தொடங்கினார். வசதியில்லாத குழந்தைகளுக்கு வயலின், செல்லோ போன்றவற்றை இலவசமாகச் சொல்லித்தரும் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா'வும் அங்கிருந்து வந்ததுதான். கீபோர்டு கற்கும் பிள்ளைகள் எழுதும் லண்டன் கிரேடு தேர்வுகளும் இந்த மரபின் வாசல்தான். ஆனால் தனியாக கீபோர்டு வாசிக்கக் கற்பது வேறு, 80 பேரோடு உட்கார்ந்து வாசிப்பது வேறு. இரண்டாவதைக் கற்க ஊரில் ஓர் ஆர்கெஸ்ட்ரா இருக்க வேண்டும்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

விவால்டியின் 'வசந்தம்', பீத்தோவனின் 5-வது சிம்பொனி, பிறகு இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்'. இந்த வரிசையில் கேட்டால், பாக்கும் கர்நாடக ராகமும் சந்திக்கும் இடம் காதுக்கே தெரியும்.